ஒன்பது அடி

ஏரிக்கரையில் அடிக்கு ஒரு கோடு போட்ட ஓர் அளவுக் கல் உண்டு. தினமும் காலையில் அதைப் பார்த்து, தண்ணீர் எத்தனை அடி என்று பதிவேட்டில் எழுதுவதுதான் அளவுக்காரருக்கு வேலை. முப்பத்திரண்டு வருஷம் எழுதினார். படகு இறக்குவதிலிருந்து விதைப்பு வரைக்கும் ஊருக்கு அதுதான் சட்டம். "அளவுக்காரரே எழுதிட்டாரு, அப்புறம் என்ன பேச்சு?" என்பார்கள்.

ஆனால் மழை நாளில் மனுஷன் கல்லடிக்குப் போனதே கிடையாது. வீட்டு ஜன்னலிலிருந்து படித்துறையைப் பார்ப்பார், எத்தனை படி மூழ்கியிருக்கிறது என்று எண்ணுவார், அதை வைத்து அடியை எழுதிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்தத் திமிர்தான்.

பெருவெள்ளம் வந்த வருஷம் ஜன்னலில் படி எதுவும் தெரியவில்லை, மழைதான் தெரிந்தது. முந்தின நாள் எட்டடி. ஒன்றைக் கூட்டி ஒன்பது என்று எழுதிவிட்டுப் போர்த்திப் படுத்துக்கொண்டார், பெரிய மனுஷர்!

ஒன்பதடி என்றால் கரையோரத் தெருவில் முழங்கால் தண்ணீர். அந்தத் தெருவே முந்தின நாள் மேட்டுக்குப் போயிருந்தது. வலை பின்னுகிறவள் மட்டும், படுத்த படுக்கையாய்க் கிடந்த மாமியாரை விட்டுவிட்டு வர மனமில்லாமல் தங்கிவிட்டாள். அவள் கணவன் அக்கரையில் மாட்டிக்கொண்டிருந்தான். விடிந்ததும் சொட்டச் சொட்ட நனைந்து அவள் மட்டும் வந்தாள். "கழுத்து வரைக்கும் வந்துடுச்சு. அத்தையைத் தூக்கிட்டுத்தான் வந்தேன், கையை விட்டு இழுத்துட்டுப் போயிடுச்சு" என்று கதறினாள். மத்தியானத்துக்குள் தண்ணீர் வடிந்துவிட்டது. மண்சுவரெல்லாம் கரைந்து உட்கார்ந்துவிட்டதால் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. ஊர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தது. முழங்கால் தண்ணியில மாமியாரை விட்டுட்டு ஓடி வந்தவ என்று பேர் வைத்துவிட்டது.

மூன்றாம் நாள் அளவுக்காரர் கல்லடிக்குப் போனார். பதின்மூன்றாம் கோட்டில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு துண்டை நனைத்துத் துடைத்துவிட்டார். சொல்லவே கூசுகிறது, ஆனால் துடைத்தார்.

இருபத்தாறு வருஷம் கழித்து, ஊர் வரலாற்றுக்கென்று பழைய ஏரி அலுவலகத்தில் ஓர் அறை திறந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அவருடைய பதிவேடுகள். சுவரில் பெருவெள்ளத்தைப் பற்றி ஒரு பலகை. அதில் கொட்டை எழுத்தில், கரையோரத் தெருவில் முழங்காலளவு நீர். எழுதிய பள்ளிக்கூட வாத்தியார் அவருக்கு மாலை போட்டு, "நம்ம ஊரோட ஞாபகமே ஐயாதான்" என்றார். கைதட்டினார்கள். அளவுக்காரருக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ஏனென்றால் பலகைக்கு முன்னால் வலைக்காரி நின்றுகொண்டிருந்தாள். நரைத்துவிட்டது. முழங்கால் என்ற வார்த்தையை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். வாசலைப் பார்த்து நடந்தாள்.

"நில்லும்மா" என்றார். மாலையைக் கழற்றினார். "அன்னிக்கு நான் கல்லடிக்குப் போகவே இல்ல. வீட்டுல இருந்தே ஒன்பதுன்னு எழுதினேன். தண்ணி பதிமூணு அடி. சேத்துக் கோட்டை நான்தான் தொடைச்சேன். இந்தம்மா சொன்னதுதான் நெசம்."

வாத்தியார் மெல்லக் கேட்டார், "அப்ப மத்த நாள் எழுதினதெல்லாம், ஐயா?"

அளவுக்காரர் அவர் பக்கம் திரும்பவில்லை. அவளைத்தான் பார்த்தார். திட்டுவாள், ஒரு பிடி மண்ணையாவது வாரித் தூற்றுவாள், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றார்.

அவள் திட்டவில்லை. "போன தையிலதான் எங்க வீட்டுக்காரர் போனாரு" என்றாள். "அவங்க அம்மா போனதுலேருந்து, கடைசி வரைக்கும் என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கல. ஒரு வருஷம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதாய்யா?"