ஒன்றும் வேண்டாத செடி

இந்த நாட்டில் மருளுக்கு ரிப்பன் கட்டி விற்கிறார்கள். அயர்லாந்துக்கு வந்து, கார்க் நகரத்தில் எனக்கென்று ஒரு சின்ன வீடு வாடகைக்குப் பிடித்தபோது, நான் நர்ஸாக வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தின் மேனேஜர் ஃபியோனா ஒரு பரிசோடு வந்தார். வெள்ளைப் பீங்கான் தொட்டி, அதில் நெட்டுக்குத்தலாக நிற்கும் பட்டை இலைகள், குறுக்கே பாம்பின் மேல் கிடப்பது போன்ற வரிகள், ஓரத்தில் மஞ்சள் கரை, கழுத்தில் பச்சை ரிப்பன். ஸ்நேக் பிளான்ட் என்றார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இதன் ஒன்றுவிட்ட தங்கச்சி, மஞ்சள் கரை இல்லாதவள், எங்கள் ஊர் எப்போதும்வென்றானில் ஓடைக்கரையெல்லாம் கிடக்கிறாள். மருள் என்போம். ஆடுகூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். யாருக்காவது காதுவலி வந்தால்தான் அதன் நினைப்பு வரும். ஓர் இலையை வாட்டிப் பிழிந்து இரண்டு சொட்டு விடுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். அதைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறாரே என்று மனசு பதறியது. வாய் மட்டும் நன்றி சொன்னது.

"உனக்குப் பொருத்தமான செடி" என்றார் ஃபியோனா. "ஒன்றுமே செய்ய வேண்டாம். வெளிச்சம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். மறந்தே போகலாம். கவனிக்காமல் விட்டால்தான் நன்றாக வளரும்."

அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். என் வேலை நேரம் அப்படி, செடியைப் பார்க்க எனக்கு ஏது பொழுது என்று யோசித்திருக்கிறார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் இந்தச் சொல்லை நான் முன்பே கேட்டிருக்கிறேன். "சின்னவ ஒண்ணும் கேக்க மாட்டா" என்று அப்பா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். தீபாவளிக்கு அண்ணனுக்குக் கோவில்பட்டிக் கடையில் துணி எடுத்து வரும்போது, எனக்குக் கிடைத்தது இந்தப் பாராட்டுதான். நானும் அதை மெடல் மாதிரி குத்திக்கொண்டு திரிந்தேன். நர்ஸ் படிப்பு முடித்து, ஊர் ஊராக வேலை பார்த்து, கல்யாணம் வேண்டாம் என்று முடிவு செய்து, கடல் தாண்டி வந்து சேர்ந்த பிறகும் அந்த மெடல் கழலவில்லை. இங்கேயும் கிறிஸ்துமஸ் வாரத்தில் வேலைக்கு வர யாரும் இல்லையென்றால் என் பேரைத்தான் எழுதுவார்கள். நான் முகம் சுளிக்க மாட்டேனாம்.

அந்தச் செடியைச் சாகடிக்கவே முடியாது என்று எல்லாரும் சொன்னார்கள். நான் சாகடிக்கப் பார்த்தேன். அதுவும் மறந்துபோய் அல்ல, மறக்க முடியாமல்.

இதைப் படிக்கிற கோவில்பட்டிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குழாயில் தண்ணீர் வரும் நாளுக்காகக் காத்திருந்து, வரிசையில் குடம் போட்டு வளர்ந்த கை இது. எங்கள் வீட்டில் அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக்கு, பாத்திரம் அலசிய தண்ணீர் முருங்கைக்கு, குளித்த தண்ணீர் வாழைக்கு. சாக்கடைக்கென்று தண்ணீர் கிடையாது. இங்கே ஜன்னலுக்கு வெளியே வருஷம் முழுக்க மழை கொட்டுகிறது. இருந்தாலும் அரிசி களைந்த தண்ணீரைச் சிங்க்கில் சாய்க்கப் போனால் என் கை மடங்கிவிடும். மாடு இல்லை, முருங்கை இல்லை, வாழை இல்லை. வீட்டில் உயிரோடு இருந்தது நானும் அந்தச் செடியும்தான். எனவே எல்லாத் தண்ணீரும் அதற்கே போனது. பருப்பு களைந்த தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர், நான் குடித்து மிச்சம் வைத்த தண்ணீர். அந்தப் பீங்கான் தொட்டிக்கு அடியில் ஓட்டையும் இல்லை.

ஒரு காலையில் நடு இலையைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. அடிப்பகுதி கொழகொழவென்று அழுகி, ஊறிய கஞ்சி வாடை அடித்தது. வறட்சியிலேயே பிறந்த ஒரு செடியை, வறட்சியிலேயே பிறந்த ஒருத்தி தண்ணீரில் முக்கிக் கொன்றிருக்கிறாள். ஃபியோனாவிடம் சொன்னபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இதை யாராலும் கொல்ல முடியாதே! எப்படிச் செய்தாய்?" தண்ணீரை வீணாக்க மனசு வரவில்லை என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே மழை. "ஆனால் இங்கேதான் நிறைய இருக்கிறதே" என்றார். நாங்கள் இருவரும் வேறு வேறு தண்ணீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

புதுச்செடி வாங்கித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். எனக்கு வீம்பு வந்துவிட்டது. அழுகாமல் மிஞ்சிய இலை ஒன்றைச் சாண் சாணாக நறுக்கினேன். எந்த முனை மண் பக்கம் இருந்தது என்று பேனாவால் குறி வைத்தேன். தலைகீழாக நட்டால் அது வேர் விடாது. வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும் வரை துண்டுகளைக் காகிதத்தின் மேல் போட்டுவைத்தேன். பிறகு அடியில் ஓட்டையுள்ள மண்தொட்டி வாங்கி, மணலும் சரளையும் கலந்து, துண்டுகளைக் குத்திவைத்து, நல்ல வெளிச்சம் விழும் ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தேன். அரிசி களைந்த தண்ணீரை என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு சிங்க்கில் சாய்த்தேன். அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. இந்தச் செடிக்கு ஒன்றும் வேண்டாம் என்பது சுத்தப் பொய். அதற்குக் கொஞ்சமாக வேண்டும்; அந்தக் கொஞ்சத்தைச் சரியாகக் கொடுக்க வேண்டும். இருட்டு மூலையில் வைத்தால் அது சாகாது, அவ்வளவுதான். சாகாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் அண்ணன் போன் செய்தான். அப்பா போன பிறகு எங்கள் கரிசல்காடு இன்னும் பிரிக்கப்படாமல் எங்கள் இரண்டு பேர் பேரிலும் இருந்தது. சோலார் கம்பெனிக்காரர்கள் விலைக்குக் கேட்கிறார்கள், லீவில் வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ என்றான். என் பங்கு எனக்கு வேண்டாம், எல்லாம் அண்ணனுக்கே என்று எழுதிக் கொடுப்பதுதான் அது. எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்த பெண்கள் இதைச் சிரித்த முகத்தோடு செய்வார்கள். அண்ணன் ஒரு பட்டுச்சேலை எடுத்துக் கொடுப்பான், மத்தியானம் நல்ல சாப்பாடு இருக்கும், தங்கச்சி நல்லவள் என்று பேர் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவாள்.

ஆவணியில் போனேன். மழைக்கு முந்திய கரிசல், கால் புதைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. அண்ணன் அந்த வருஷம் உழவே இல்லை. அவன் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. மழை ஏமாற்றுகிறது, உளுந்து போட்டால் பன்றி தின்கிறது, ஆள் கூலி கட்டவில்லை. சுற்றிலும் காற்றாடிகளும் கண்ணாடித் தகடுகளும் முளைத்துவிட்டன. அவன் தலையில் நரை விழுந்திருந்ததைப் பார்த்து எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. மதினி கோவில்பட்டியில் எடுத்து வந்த சேலையைக் காட்டினாள். அரக்கு நிறம். உண்மையிலேயே நல்ல சேலை.

"நாளைக்குக் காலையில ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போயிட்டு வந்துருவோம். ஒரு கையெழுத்துதான" என்றான் அண்ணன்.

"நான் போடலண்ணே."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "ஏட்டி, வெளையாடுதியா? கம்பெனிக்காரன் ஒரே துண்டாக் கேக்கான். ஒனக்கு இந்தக் காடு எதுக்கு? அங்கன ஒனக்கு என்ன கொறச்சலு? நீ எப்பவும் ஒண்ணும் கேக்க மாட்டியே!"

"கேக்கலன்னா வேண்டாம்னு ஆயிருமாண்ணே? ஒன் பங்க நீ வித்துக்கோ. என் பங்கு கெடக்கட்டும்."

"போட்டு என்ன செய்யப் போறே?"

 அவனிடம் யாரும் அவன் பங்கை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டதில்லையே. மதினி எனக்குக் கேட்கட்டும் என்றே மெதுவாகச் சொன்னாள். "புள்ளையா குட்டியா? யாருக்குன்னு சேத்து வைக்கப் போறாவ?"

அது வலித்தது. ஆனால் என் வாயிலிருந்து வந்த குரல் அழுகைக் குரல் இல்லை. "எனக்கு நான் இருக்கேம்லா மதினி" என்றேன்.

அண்ணன் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டான். சேலை அப்படியே பையில் கிடந்தது. மறுநாள் காலையில் அவனே வந்து, முகத்தைப் பார்க்காமல், "வேணும்னா மேல்பக்கத்த எடுத்துக்கோ" என்றான். மேல்பக்கம் சரளை. ஓடைப்பக்கம்தான் நல்ல மண். தெரிந்தேதான் சொன்னான். நானும் தெரிந்தேதான் சரி என்றேன். சர்வேயர் வந்து அளந்து கல் ஊன்றுகிற வரைக்கும் என் லீவு தாங்காது. கல்லை ஊன்றினாலும் எங்கள் பக்கத்தில் கல்லுக்குக் கால் முளைத்து நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஓடைக்கரைக்குப் போனேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கடப்பாரையால் மருளைக் கிழங்கோடு தோண்டினேன். மேல்பக்கத்தையும் ஓடைப்பக்கத்தையும் பிரிக்கும் கோட்டிலேயே, காட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் நட ஆரம்பித்தேன்.

பைக்கில் போன ஊர்க்காரர் ஒருவர் நிறுத்தினார். "என்னக்கா, மருளப் போயா நடுதீங்க? அதத் தொலைக்க முடியாமத்தான ஊரே பாடாப் படுது!"

"அதான் நடுதேன்" என்றேன்.

சாயங்காலம் வரை நட்டேன். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. தூரத்தில் வரப்பில் அண்ணன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். உதவவும் இல்லை, தடுக்கவும் இல்லை. நான் பஸ் ஏறும்போது வழியனுப்ப வரவும் இல்லை. ஒரே துண்டாகக் கிடைக்காததால் கம்பெனிக்காரர்கள் வேறு பக்கம் போய்விட்டார்கள் என்று பிறகு சொந்தக்காரர்கள் மூலம் தெரிந்தது. அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். நான் போன் செய்தால் எடுக்க மாட்டான். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினேன், பார்த்த அடையாளம் மட்டும் விழுந்தது. எனக்கு இருப்பது ஒரே அண்ணன். அந்த மௌனத்தில் எத்தனையோ தடவை, பேசாமல் கையெழுத்தைப் போட்டிருக்கலாமோ என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, போடுகிறேன் என்று ஒரு தடவையும் அவனுக்குச் சொல்லவில்லை. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் வாரத்துக்கு என் பேரை எழுதியபோதும், இந்தத் தடவை முடியாது என்றேன். வீட்டில் சும்மா படுத்துக் கிடந்தேன். சுகமாக இருந்தது.

குளிர் போய் வெயில் எட்டிப் பார்த்த நாட்களில், ஜன்னலோரத் தொட்டியில் சரளையைத் தள்ளிக்கொண்டு ஒரு முளை வந்தது. கூர்மையாக, ஈட்டி முனை மாதிரி. பின்னாலேயே இன்னொன்று. வளர வளரப் பார்த்தேன், தாய்ச்செடிக்கு இருந்த மஞ்சள் கரை பிள்ளைகளுக்கு இல்லை. முழுப் பச்சை. வீட்டுக்கு வந்த ஃபியோனா குனிந்து பார்த்துவிட்டு, "ஐயோ, அந்தத் தங்கக் கரை போய்விட்டதே" என்றார். இலையை வெட்டி வைத்தால் அப்படித்தான், கரை வராது என்றேன். எங்கள் காட்டுக் கதையையும் அப்போது சொன்னேன். அங்கே என்ன விளைகிறது என்று கேட்டார். என் பாதியில் இந்த வருஷம் மருள் மட்டும்தான் என்றேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "எங்கள் அப்பாவின் பண்ணையும் அண்ணனுக்குத்தான் போனது" என்றார். "நாங்கள் மூன்று பெண்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை." வெகுநேரம் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். போகும்போது, பச்சையாகவே இருக்கட்டும், ஒரு முளை எனக்குத் தருவாயா என்று கேட்டார். ரிப்பன் கட்டாமல் கொடுத்தேன். வெளிச்சத்தில் வையுங்கள், மறந்துவிடாதீர்கள் என்று சொல்லிக் கொடுத்தேன்.

இனிச் சொல்லப்போவது போன ஐப்பசியில் நடந்தது. ஊரில் நல்ல மழை என்று கேள்விப்பட்டேன். டியூட்டி முடிந்து நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்து, ஜன்னலோரத்தில் நின்று தலையைத் துவட்டும்போது போனில் ஒரு படம் வந்தது. அண்ணன் அனுப்பியிருந்தான். ஓராண்டுக்குப் பிறகு அவனிடமிருந்து வந்த முதல் சேதி. வெடிப்பெல்லாம் மூடிய கறுத்த மண், நடுவே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை என் மருள் வரிசை. ஒரு பக்கம் அவன் விதைத்த உளுந்து முளைத்து நிற்கிறது. வரிசையிலிருந்து கிளம்பிய கிழங்கு ஒன்று மண்ணுக்கடியில் ஓடி, உளுந்துக்கு நடுவில் தலையைத் தூக்கியிருந்தது. படத்துக்குக் கீழே அவன் குரலில் ஒரு சேதி.

"ஏட்டி, ஒன் செடி எல்லையத் தாண்டி என் பக்கம் வருது. வந்து என்னன்னு பாரு."

திரும்பத் திரும்பக் கேட்டேன். ஏட்டி என்று அவன் கூப்பிடுகிற அந்த இடத்தை மட்டும் இன்னும் சில தடவை கேட்டேன். என் தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் ஜன்னலோரத் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. தொட்டியை நகர்த்தி வைத்தேன். அங்கே எல்லையில் ஒன்று, இங்கே கண்ணாடியோரம் ஒன்று, இரண்டும் பச்சை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனுக்குப் பதில் சொன்னேன்.

"வரட்டும்ணே. பிடுங்காத. நானும் வாரேன்."