சூனியக்காரியின் அக்காவாக நடித்தேன்

எங்கள் ஊரில் சினிமா எடுக்க வந்தவர்கள் என்னை நடிக்கக் கூப்பிட்டார்கள். பேய்ப்படம்தான், ஆனால் சிரிப்புப் படம். ஏரிக்கரையில் இருக்கும் சூனியக்காரி ஒருத்தி, மீன் பிடிக்கிறவர்களுக்கு ஆசை காட்டி, கேட்டதைக் கொடுத்துவிட்டு அவர்களுடைய தூக்கத்தை வாங்கிக்கொள்வாள். வலை எப்போதும் நிறைய வேண்டும் என்று கேட்டவன், மீன் பாரம் தாங்காமல் படகோடு முழுகிப்போவான். அந்தச் சூனியக்காரிக்கு நான் அக்கா. சட்டியைக் கிளறிக்கொண்டே, “வா ராஜா, ஒரு வாய் துன்னுட்டுப் போ” என்று சொல்ல வேண்டும். அந்தக் குழம்பைச் சாப்பிட்டவன் சூனியக்காரி சொன்னதையெல்லாம் கேட்பான்.

அவர்கள் கொண்டுவந்த குழம்பு சாயத் தண்ணீர் மாதிரி இருந்ததால் நானே இறால் குழம்பு வைத்தேன். படப்பிடிப்பு முடிந்ததும் ஊர் ஆண்கள் சட்டியை வழித்துத் தின்றார்கள்.

படம் போனில் வந்தபோது எல்லோரும் கூடிப் பார்த்துச் சிரித்தோம். நான் வருகிற இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். அந்த வருஷம் ஏரியில் வலைக்கு நண்டு சரியாகச் சிக்கவில்லை. அதற்குக் காரணம் நான்தான் என்று யாரோ விளையாட்டாகச் சொன்னார்கள். மீன் ஏலம் விடுகிற இடத்தில் நான் கூடையை இறக்கினால் பக்கத்தில் இருப்பவள் தன் கூடையைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பாள். ஏன் என்று கேட்டால், “சும்மா, வெயிலுக்கு” என்பாள். யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். சொன்னாலாவது சண்டை போடலாம்.

என் வீட்டுக்காரரின் அக்கா மகளுக்கு வளைகாப்பு வந்தது. அந்த வீட்டு விசேஷங்களுக்கு நான்தான் குழம்பு வைப்பேன். அன்று கரண்டியை எடுக்கப் போனதும் நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ உக்காரும்மா. எப்பவும் நீயே கஷ்டப்படணுமா?”

“எனக்கு இன்னா அண்ணி கஷ்டம்?”

“மாசமா கீற பொண்ணு. எதுக்கு வம்புனுதான்.”

அவர் மகளுக்கு வளையல் போடவும் என்னைக் கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “அவங்க மனசுல ஒண்ணும் இல்ல, விடு” என்றார். மனதில் ஒன்றும் இல்லாமல்தான் கையைப் பிடித்தார்களா?

கொஞ்ச நாள் கழித்து அதே நாத்தனார் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். மருமகன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே கூட்டாளிகளோடு அறை எடுத்துத் தங்கிவிட்டானாம். பெண்டாட்டியைப் பார்க்க வருவதே இல்லையாம். சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எதனா செஞ்சி குடேன். குழம்புல கலக்குற மாதிரி.”

“அது சினிமா அண்ணி. எனக்கு இன்னா தெரியும்?”

“தெரியாமலா அப்டி நடிச்ச? எனக்குச் செய்ய மனசு இல்லன்னு சொல்லு.”

ஒரு நிமிஷம் எனக்கே ஆசை வந்தது. கொஞ்சம் மிளகாய்த்தூளை மடித்து, வாய்க்குள் எதையாவது முணுமுணுத்துக் கொடுத்தால் போய்விடுவார். வளைகாப்பில் என்னை உட்கார வைத்ததற்கு அது போதும். ஆனால் அந்தப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. மருமகன் நம்பரை வாங்கி அவர் எதிரிலேயே கூப்பிட்டேன்.

“ஏம்பா, பொண்டாட்டி மாசமா கீறா. ஒருவாட்டி வந்து பாக்க உனுக்கு இன்னா? நீ வரலன்னா நானே சோறு ஆக்கி எடுத்துக்கினு அங்க வரேன்.”

“வாணாம் அத்தே. நீ ஒண்ணும் எடுத்தாராத. நானே வந்துடறேன்” என்றான். அவனும் படம் பார்த்திருக்கிறான்.

மறுநாளே வந்துவிட்டான். வாரத்துக்கு ஒருமுறை இப்போதும் வருகிறான். பெண் சந்தோஷமாக இருக்கிறாள், அதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நாத்தனார், நான் போனிலேயே மந்திரம் போட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். நான் திட்டியதைக் காதால் கேட்டவர் அவர். அவரிடம் போய்ச் சண்டை போட்டேன். “நல்லதுதானே சொன்னேன்” என்றார்.

போன வாரம் ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு பெண் எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். மாமியாரை வாயடைக்க வேண்டுமாம். சமாதானம் சொல்லி அனுப்புவதற்குள் உலையில் அரிசி குழைந்துவிட்டது. வீட்டை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். படகுத்துறையில் ஒருத்தர் கையைக் காட்டினார் என்றாள். அடையாளம் கேட்டால், என் வீட்டுக்காரர். அன்று முழுக்க அவரோடு நான் பேசவில்லை.