துவாலையைக் கழுவச் சொன்னவள்

மகள் போனை நீட்டி, "இதப் பாருங்கம்மா" என்றாள். தோட்டத்துச் சுகாதாரத் தொண்டர்களுக்கு முதலுதவிப் பாடமெல்லாம் இப்போது போனிலேயே வந்துவிடுகிறதாம். படம் அசைகிறது. ஒரு பெண் குரல் நம்ம தமிழில் நிதானமாகச் சொல்லித் தருகிறது. விளங்காவிட்டால் திரும்பப் போட்டுக் கேட்கலாம். மகளும் இப்போது ஒரு தொண்டர். பெற்றவள் பெருமைப்பட வேண்டிய நேரம். எனக்கோ வயிறு எரிந்தது. சொந்த மகள்மேல் பொறாமைப்படுகிற பிறவியை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். இப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் தொண்டராக இருந்த காலத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை எஹலியகொடையில் வகுப்பு. அந்த அறையில் எப்போதும் ஸ்பிரிட் வாசம் அடிக்கும். இன்றைக்கும் ஊசி போடுமுன் நர்ஸ் பஞ்சை நனைத்தால், ஊசியை மறந்துவிட்டுச் செல்வமேரியின் பாடக் கொப்பியைத்தான் நினைப்பேன்.

செல்வமேரி எங்கள் தோட்டத்தின் மேல் டிவிசன், நான் கீழ் டிவிசன். வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர்தான். பாடம் முழுக்கச் சிங்களம். தமிழ்ப் புத்தகம் வரும் வரும் என்றார்கள், வரவேயில்லை. மேரி சிங்களக் கிராமத்தை ஒட்டி வளர்ந்தவள், பேச்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எழுத்து மட்டும் தெரியாது. அதனால் மிஸ் சொல்லச் சொல்ல அந்தச் சிங்களத்தை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வாள். பக்கத்தில் படமும் வரைவாள். கட்டுப் போட்ட கையில் வளையல்கூட இருக்கும். மிஸ் அந்தக் கொப்பியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டி, "லஸ்ஸனய்" என்பார். அழகாம். நானும் ஒரு கை வரைந்தேன். அது ஒரு சீப்பு வாழைப்பழம்போல இருந்தது, மிஸ் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தக் கொப்பியைக் கேட்டேன்.

"எழுதிக்க புள்ள. வெளங்காததக் கேளு, என்னா" என்றாள்.

"எனக்கு என்னா வெளங்காது? எனக்கும் சிங்களம் வரும்" என்றேன். எனக்கு வந்தது கடையில் பருப்பு வாங்குகிற அளவுச் சிங்களம்.

கொப்பியில் ஒரு வரி: "துவாலெ ஹொந்தட்ட ஹோதன்ன." ஹொந்தட்ட என்றால் நன்றாக, ஹோதன்ன என்றால் கழுவுங்கள். இரண்டும் தெரியும். துவாலைதான் நம்ம சொல்லாயிற்றே. இதைப் போய் அவளிடம் கேட்பேனா?

அடுத்த கிழமை, பகலில் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளை மடுவத்தில் பெண்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். "வெட்டுப்பட்டா மொதல்ல துவாலய நல்லா சோப்புப் போட்டுக் கழுவணும். பொறகு இறுக்கிக் கட்டணும்." எல்லோரும் தலையாட்டினார்கள். அன்றைக்கு நான்தான் மிஸ்.

லெட்சுமி அக்கா ரப்பர் பால் வெட்டுகிறவள். சில நாளில் கத்தி சறுக்கி வலது கைப் பெருவிரலடியில் இறங்கிவிட்டது. அக்கா நான் சொன்னபடியே செய்தாள். துவாலையைப் பளிச்சென்று கழுவினாள். மண்ணும் பாலும் அப்பியிருந்த காயத்தைக் கழுவாமல், அந்தத் துவாலையால் அப்படியே கட்டினாள். மூன்றாம் நாள் கை வீங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நானும் மேரியும் பார்க்கப் போனோம்.

"நீ சொன்ன மாதிரித்தானே செஞ்சேன். துவாலய ரெண்டு தடவ கழுவுனேன் புள்ள" என்றாள் அக்கா.

எனக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் வாய் முந்திக்கொண்டது. "மேரி கொப்பியில அப்பிடித்தான் எழுதியிருந்திச்சுக்கா."

மேரி என்னைப் பார்த்தாள். பிறகு அக்காவிடம், "ஆமாக்கா. நாந்தான் சரியா எழுதல" என்றாள்.

வெளியே வந்தபிறகுதான் மெதுவாகச் சொன்னாள்: "சிங்களத்துல துவாலென்னா காயம் புள்ள." அவ்வளவுதான். நாலு பேர் முன்னால் என்னைக் கிழித்திருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை பிடித்திருப்பேன். அவள் எனக்கு அதற்குக்கூட இடம் வைக்கவில்லை. படம் வரைவதில் தோற்றதைப் பொறுத்துக்கொண்டேன், இதைப் பொறுக்க முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

அக்காவின் பெருவிரல் அதன்பிறகு மடங்கவேயில்லை. கத்தி பிடிக்க முடியாமல் புல் பிடுங்குகிற வேலைக்கு மாற்றினார்கள். மேரி கேகாலைப் பக்கம் கலியாணம் முடித்துப் போனாள், அங்கிருந்து வெளிநாடு என்று கேள்வி. பிள்ளை மடுவத்தை இடித்துவிட்டார்கள். அந்த ரப்பர் மலையில் இப்போது முள்ளுத்தேங்காய் என்கிற எண்ணெய்ப்பனை நிற்கிறது.

லெட்சுமி அக்கா கடைசிக் காலத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு அடிக்கடி வருவாள். பிளேன்டீ கோப்பையை இடது கையால் பிடித்துக்கொண்டு, "அந்த மேரி புள்ள எழுதுன எழுத்து, என் வெரலத் தின்னுருச்சு" என்பாள். நான், "இன்னுங் கொஞ்சம் சீனி போடவாக்கா" என்று கேட்பேன். போன மாசியில் அக்காவும் போய்விட்டாள். நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய ஒரே ஆள் அவள்தான்.