ஒருவருக்காக நின்ற புஷ்பம் அக்கா

சந்தையில் மீன் வாங்க நின்றுகொண்டிருந்தபோது போதகர் அழைத்தார். "ஐயா, புஷ்பம் அக்கா தவறிட்டாங்க. காலையில குளியலறையில விழுந்திருக்காங்க. பக்கத்து வீட்டுக்காரங்கதான் பாத்திருக்காங்க" என்றார். பிறகு, "யார் யாருக்குச் சொல்லணும்?" என்று கேட்டார். லுமுட் ஊரில் தம்பி மகள் ஒருத்தி இருக்கிறாள், வேறு யாரும் இல்லை என்றேன். கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்ட பிறகுதான் ஜேக்கப் நினைவுக்கு வந்தார். பிறவியிலேயே காது கேளாதவர், வாய் பேசாதவர், எழுத்தும் தெரியாதவர். அவருக்கு நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மீன்காரர் முன் நின்றேன்.

புஷ்பம் அக்காவை ஈப்போவில் நம் சபையார் எல்லோருக்கும் தெரியும். அரசு அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மணம் செய்துகொள்ளாமல் புந்தோங் பகுதியில் தனியாக இருந்தார். புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் அவர் வைக்கும் விண்ணப்பம் உங்களுக்கு நினைவிருக்கும். "ஆண்டவர் என்னை எதுக்குப் படைச்சாருன்னு எனக்குத் தெரியணும். அதுக்கு ஜெபம் பண்ணுங்க." வாரந்தோறும் இதையே சொல்வார். நம்மில் சிலர் குனிந்து சிரித்தோம். சபையின் செயலாளராக இருந்த நானும் சிரித்தேன். அவரோ தேடிக்கொண்டே இருந்தார். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் அவருக்கு அடங்கவில்லை. பாடகர் குழுவில் சுருதி சேரவில்லை. மருத்துவமனைக்கு நோயாளிகளைப் பார்க்கப் போனால் அவர்களுக்கு முன்பே இவர் அழுதுவிடுவார்.

காம்பார் ஊருக்கு அப்பால் இருந்த பழைய ரப்பர் தோட்டத்திலிருந்து ஜேக்கப்பை அவருடைய அக்கா நம் ஆராதனைக்கு அழைத்துவரத் தொடங்கினார். தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டு, எண்ணெய் தரும் செம்பனை நட்டுவிட்டார்கள். ஜேக்கப் அதில் குலை அறுப்பவராக இருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது புஷ்பம் அக்கா என்னிடம் வந்தார். "தம்பி, போதகர் ஏதோ சொல்லி எல்லாரும் சிரிச்சோம்ல? ஜேக்கப் நம்ம முகத்தப் பாத்துட்டு அப்புறமா சிரிக்கிறாரு. எத்தன வாரமா இப்படிச் சிரிக்கிறாரோ" என்றார். நான் கறிபாப் பலகாரத்தைத் தின்றுகொண்டே தலையசைத்தேன்.

அடுத்த மாதம் அவர் சைகை மொழி வகுப்பில் சேர்ந்தார். பத்து வாரம் படித்துவிட்டு வந்து ஜேக்கப்பிடம் கையசைத்தால், ஜேக்கப்புக்கு ஒன்றும் விளங்கவில்லை. பள்ளிக்கூடமே போகாத அவருக்கு அந்தச் சைகைகள் எப்படித் தெரியும்? அவரும் அவருடைய அக்காவும் சிறுவயதிலிருந்து தாங்களாகவே ஒரு கைமொழியை உண்டாக்கி வைத்திருந்தார்கள். உலகத்தில் அந்த இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த மொழி. புஷ்பம் அக்கா மூன்றாவது ஆளாகச் சேர்ந்தார். சனிக்கிழமை தோறும் பஸ் ஏறிக் காம்பாருக்குப் போய், அங்கிருந்து தோட்டத்துக்குப் போய், அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அந்த மொழியில் கடவுளுக்குச் சொல் இல்லை. மூவருமாகப் பேசி, அம்மாவைக் குறிக்கும் சைகையைக் காட்டி அதன்பின் வானத்தைக் காட்டுவது என்று முடிவு செய்தார்களாம்.

பிறகு நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதை இங்கே சொல்லாவிட்டால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும். புஷ்பம் அக்கா பிரசங்க மேடைக்குப் பக்கத்தில், முதல் வரிசையில் இருந்த ஜேக்கப்பைப் பார்த்து நின்று கைமொழியில் பிரசங்கத்தைச் சொல்லத் தொடங்கினார். கண் அவர் கைகள்மேலேயே போவதால் பிரசங்கத்தில் மனம் நிற்கவில்லை என்று சிலர் குறை சொன்னார்கள். செயற்குழுவின் சார்பில் நான்தான் போய்ப் பேசினேன்.

"ஒரு ஆளுக்காக இவ்வளவு செய்யணுமாக்கா?"

"நூத்தம்பது பேருக்குப் போதகர் இருக்காரு தம்பி. ஜேக்கப்புக்கு யாருலா இருக்கா?"

 இருந்தாலும் பின்வரிசைக்குப் போகச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அடுத்த வாரத்திலிருந்து கடைசி இருக்கையில் ஜேக்கப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். "இங்கதான் ஃபேன் காத்து நல்லா வருது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் அவரிடம் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

ஒரு புதன்கிழமை, அவர் பழைய விண்ணப்பத்தை வைத்து வெகுநாளாகிவிட்டது என்று எனக்கு உறைத்தது. "இப்பல்லாம் அதச் சொல்றதே இல்லையேக்கா?" என்றேன்.

"ஆமால்ல? மறந்தே போச்சு" என்று அவரே வியந்துகொண்டார். பிறகு சொன்னார். "ஆண்டவருக்குப் பிரியமா வாழணும்னு ஜெபம் பண்றோம் தம்பி. அவருக்கு எது பிரியம்னும் கேக்குறோம். பதில் வர்றதுக்குள்ள எந்திரிச்சுப் போயிடுறோம்."

"இப்ப சந்தோஷமா இருக்கீங்களா?"

"வீட்டுக்குப் போனா தனியாத்தான் இருக்கேன். கதவத் தொறந்தா ஒரு சத்தம் இருக்காது. அது மாறல. ஆனா ஆண்டவரு என்னப் பாத்துட்டு இருக்காருன்னு தெரியுது. முன்ன அது தெரியாது."

என் மனைவி இறந்து, பிள்ளைகள் சிங்கப்பூருக்குப் போன பிறகுதான் அந்தச் சத்தமில்லாத கதவு எனக்குப் புரிந்தது. ஜேக்கப்பின் அக்காவும் இரண்டு ஆண்டுக்கு முன் காலமானார். அதன்பின் அந்த மொழியைப் பேச ஜேக்கப்பும் புஷ்பம் அக்காவும் மட்டுமே மிஞ்சினார்கள்.

அன்று சந்தையிலிருந்து நேராகத் தோட்டத்துக்குக் காரை ஓட்டினேன். ஜேக்கப் வாசலில் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். என்னைத் தனியாகக் கண்டதும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். கைப்பேசியில் புஷ்பம் அக்காவின் படத்தைக் காட்டினேன். கண்ணை மூடி, உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினேன். அவர் சிரித்தார். தூங்கட்டும், எழுப்பாதே என்பதுபோல் கையசைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு கைகளையும் மார்பின்மேல் மடித்து வைத்து, கண்ணை மூடி அசையாமல் நின்றேன். கண்ணைத் திறந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது. அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கைகளால் பேசத் தொடங்கினார். வெகுநேரம் பேசினார். ஒரு சொல்கூட எனக்கு விளங்கவில்லை. அதை விளங்கிக்கொண்டிருக்கக்கூடிய ஒரே ஆளைப் பற்றித்தான் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

அடக்க ஆராதனையில் அவரை என் பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார வைத்தேன். போதகர் நன்றாகத்தான் பேசினார். ஜேக்கப் கொஞ்ச நேரம் மேடையைப் பார்த்தார், பிறகு என் கைகளைப் பார்த்தார். அவை மடியில் சும்மா கிடந்தன. அவர் எழுந்து பெட்டியருகே போய், அக்காவின் முகத்துக்கு நேரே நின்று கைமொழியில் பேச ஆரம்பித்தார். செயற்குழுவைச் சேர்ந்த ஒருவர் அவரை அழைத்துவர எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்து, "விடுங்கலா, பேசட்டும்" என்றேன். போதகரும் நிறுத்திவிட்டார். ஜேக்கப் பேசி முடிக்கும்வரை சபை முழுவதும் காத்திருந்தது. அவர் என்ன சொன்னார் என்று நம்மில் யாருக்கும் தெரியாது.

புஷ்பம் அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தவை இப்போது சனிக்கிழமைகள்தாம். கார் இருப்பதால் அவரைப் போல நான் பஸ் ஏற வேண்டியதில்லை. ஜேக்கப்பின் வீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறேன். என் விரல்கள் மடங்க மறுக்கின்றன, அவர் பிடித்து மடக்கிவிடுகிறார். இதுவரை பதினோரு சொற்கள் தெரியும். ஆண்டவருக்கு இது பிரியமா என்று நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் எழுந்து போகாமல் இருக்கப் பழகுகிறேன்.

போன சனிக்கிழமை ஜேக்கப் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளுவதுபோல் விரலைக் காட்டினார். அவர்கள் கைமொழியில் அது புஷ்பம் அக்காவின் பெயர். பிறகு நீளமாக ஏதோ சொன்னார். நடுவில் 'மழை' என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. புரிந்தாற்போல் தலையாட்டினேன். அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து, மெதுவாக, மறுபடியும் சொல்லத் தொடங்கினார்.