வியாழனுக்குப் போன பேட்டரி

நான் அமெரிக்காவில் டார்ச் விளக்குக்குப் பேட்டரி செய்யும் கம்பெனியில் வேலை பார்ப்பதாக ஈரோட்டில் இருந்த எங்கள் குடும்பம் பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தது. அந்த நம்பிக்கையை விதைத்தவள் நானேதான். 1990இல் வேலை கிடைத்த வாரத்தில் ஊருக்குத் தொலைபேசியில் பேசினேன். இணைப்பு எப்போது அறுந்துபோகும் என்று தெரியாத காலம். விளக்கிச் சொல்ல நேரமில்லாமல், பேட்டரி சோதிக்கும் வேலை என்று மட்டும் சொல்லிவைத்தேன். மறுமுனையில் இருந்த மாமனார் அதைத் தமக்குத் தெரிந்த வகையில் பக்கத்தில் நின்றவர்களுக்கு விளக்கினார். பிறகு கடிதத்தில், அது வியாழன் கிரகத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒரு விண்கலத்தின் பேட்டரி என்று விவரமாக எழுதினேன். மருமகள் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். சன்னிவேலில் சிப் வடிவமைக்கும் என் கணவருடைய வேலைதான் வேலை. என்னுடையது பொழுது போவதற்கு.

நான் சேர்ந்தபோது அந்த விண்கலம் பூமியை விட்டுப் புறப்பட்டு ஓராண்டு ஆகியிருந்தது. அது இரண்டு கலங்கள் சேர்ந்தது. வியாழனைச் சுற்றிவரப் போகிற தாய்க்கலம் ஒன்று. அதன் வயிற்றில் உறங்கியபடி செல்லும் சிறிய ஆய்வுக்கலம் மற்றொன்று. சிறியது, வியாழனை அடைய ஐந்து மாதம் இருக்கும்போது பிரிந்து, தனியே போய், அந்தக் கிரகத்தின் மேகங்களுக்குள் விழவேண்டும். விழும்போது அளப்பதையெல்லாம் தாய்க்கலத்துக்குச் சொல்லிக்கொண்டே அழியவேண்டும். அதற்குச் சூரியத் தகடு கிடையாது. உள்ளே இருக்கும் பேட்டரியே அதன் உயிர்.

அந்தப் பேட்டரி ஆண்டுக்கணக்கில் சும்மா இருந்த பிறகும் உயிரோடு இருக்குமா என்பதே எங்கள் ஆய்வுக்கூடத்தின் கவலை. அதனோடு ஒரே தொகுதியாகச் செய்த செல்களில் ஒரு பகுதியைப் பூமியிலேயே வைத்திருந்தோம். விண்வெளியில் நிலவும் குளிரைக் கணித்து, அதே குளிரில் அவற்றைப் பெட்டிகளில் உறங்கவைத்தோம். குறித்த காலத்துக்கு ஒருமுறை சிலவற்றை வெளியே எடுத்து, மின்சாரத்தை முழுவதும் வடியவிட்டு, எவ்வளவு மிச்சம் இருந்தது என்று அளப்போம். எந்தச் செல் என்றைக்கு உள்ளே போனது, என்றைக்கு வெளியே வந்தது என்பதைக் குறிப்பேட்டில் எழுதுவது என் பொறுப்பு. கோயம்புத்தூரில் நான் வேதியியல் படித்த கல்லூரியில், கிழமை எழுதாத பக்கத்தில் பேராசிரியை கையெழுத்திட மாட்டார். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் தேதிக்குப் பக்கத்தில் கிழமையை எழுதினேன். என் கண்ணுக்கு மட்டும் என்பதால் தமிழில், பொடி எழுத்தில்.

1994இல் மாமனார் காலமானார். மறு பிப்ரவரியில் என் மாமியார், நான் அத்தை என்று அழைப்பவர், தனியாக விமானம் ஏறி எங்கள் ஃப்ரீமாண்ட் வீட்டுக்கு வந்தார். வாராவாரம் வியாழக்கிழமை குரு பகவானுக்கு விரதம் இருப்பவர். மஞ்சள் புடவை கட்டி, கொண்டைக்கடலைச் சுண்டல் செய்து படைத்த பிறகே வாயில் ஏதாவது போடுவார். நான் செய்யும் வேலையை நேரில் கேட்டுத் தெரிந்துகொண்டபோது அவர் முகத்தில் பெருமை வரவில்லை, கவலைதான் வந்தது.

“ஏங்கண்ணு, சாமி மேலயே கொண்டுபோய் அதைப் போடோணுமா? சுத்தி வந்து கும்பிட்டுட்டுப் போனாப் பத்தாதா?”

சுற்றி வருவதற்கும் ஒன்று போகிறது என்று சொன்னேன். அது அவருக்குக் கொஞ்சம் ஆறுதல் தந்தது.

ஜூன் மாதத்தில் ஒரு மறுஆய்வு நடந்தது. ஆய்வுக்கலம் பிரிய ஐந்தே வாரம் இருந்தது. பிரிந்த பிறகு அதனோடு யாரும் பேசமுடியாது. ஆணையைக் கேட்கும் காது அதற்கு இல்லை. உள்ளே ஒரு கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். வியாழனைத் தொடுவதற்கு ஆறு மணி நேரம் முன்னதாக அந்தக் கடிகாரம் கலத்தை எழுப்பவேண்டும். எழுந்ததிலிருந்து பேட்டரி செலவாகும். ஆகவே எழுப்பும் நேரத்தைப் பிரிவதற்கு முன்பே முடிவுசெய்தாக வேண்டும்.

வெளியிலிருந்து வந்த ஆய்வாளர் ஒருவர் என் குறிப்பேடுகளிலிருந்து தட்டச்சு செய்த அட்டவணையைத் திரையில் போட்டார். பெரும்பாலான செல்கள் நிதானமாக மூப்படைந்தன. முதல் ஆண்டில் உள்ளே வைத்தவற்றில் சில மட்டும், குறைந்த காலத்திலேயே அதே அளவு வலுவிழந்திருந்தன. அந்தத் தொகுதியில் ஒரு பங்கு பழுதாக இருக்கலாம், மேலே போய்க்கொண்டிருக்கும் பேட்டரியிலும் அப்படிப்பட்ட செல்கள் இருக்கலாம் என்றார் அவர். ஒரு பலவீனமான செல் போதும், வரிசை முழுவதையும் கீழே இழுத்துவிடும். கலத்தைத் தாமதமாக எழுப்பலாம் என்பது அவர் யோசனை. அப்படிச் செய்தால், வியாழனை நெருங்கும் கடைசி மணிகளின் கதிர்வீச்சை அளக்க வைத்திருந்த கருவி பாதி அளவீடுகளை இழக்கும். அந்தக் கருவியைச் செய்தவர்கள் பத்தாண்டுக்கு மேலாகக் காத்திருந்தவர்கள். அவர்களில் ஒருவர் அந்த அறையிலேயே இருந்தார். தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை அத்தையின் விசாவை நீட்டிக்க விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். பிறந்த தேதிக்கான கட்டத்தில் நான் எழுதியதை என் கணவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

“அஞ்சு வருசமாச்சு, இன்னும் நாளை முன்னால எழுதறே. இங்க மாசம்தான் முன்னால. ஃபார்ம் ரிஜெக்ட் ஆயிரும்.”

பேனாவை வைத்துவிட்டேன். திங்கட்கிழமை வரை காத்திருக்கும் பொறுமை எனக்கு வேறு எந்த விஷயத்திலும் உண்டு, அன்று இல்லை. பாதுகாப்பு அலுவலரிடம் கையெழுத்துப் போட்டு அப்போதே ஆய்வுக்கூடத்துக்குள் போய், முதல் ஆண்டுக் குறிப்பேட்டைத் திறந்தேன்.

எல்லாம் என் கையெழுத்தில் இருந்தது. 6-2-91. நான் எழுதியது பிப்ரவரி ஆறு. தட்டச்சு செய்தவர் படித்தது ஜூன் இரண்டு. உண்மையில் உறங்கியதைவிட அட்டவணையில் அந்தச் செல் நான்கு மாதம் குறைவாக உறங்கியிருந்தது. பன்னிரண்டுக்கு மேற்பட்ட தேதிகளைத் தட்டச்சாளரே சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார், பதிமூன்றாவது மாதம் இல்லை என்பதால். அதற்கு உட்பட்டவை மட்டும் மாறியிருந்தன. குறிப்பேடு என் கைக்கு வந்தது அந்த ஜனவரியில்; மார்ச்சில் சகா ஒருவர் சொல்லி, ஆய்வுக்கூடத்தில் மட்டும் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். பழைய பக்கங்களுக்குத் திரும்பிப் போகவில்லை. ஒருநாள் வேலை. அதைச் செய்யாமல் விட்டிருந்தேன்.

திங்களன்று குழுத்தலைவரிடம் சொன்னேன். ஓய்வை நெருங்கிய, அதிகம் பேசாத அமெரிக்கர். சொல்லுமுன் நான் யோசித்தது என் வேலையைப் பற்றி அல்ல என்று இப்போது எழுதினால் அது பொய். வேலையைப் பற்றியும் யோசித்தேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது: இந்தத் தேதிகள் தவறு என்றால் மற்றவற்றை எப்படி நம்புவது என்று கேட்டு, குறிப்பேடு முழுவதையுமே அவர்கள் தள்ளிவிடலாம். அப்போது மேலே போகும் பேட்டரிக்காகச் சாட்சி சொல்லப் பூமியில் எதுவும் மிஞ்சாது.

அவர் கோபப்படவில்லை. இது இன்ன மாதம்தான் என்று காட்ட வேறு ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். நான் தேதிக்குப் பக்கத்தில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினேன். எதையும் தூக்கிப்போடாதவர் அவர். அலமாரியின் அடித்தட்டிலிருந்து 1991ஆம் ஆண்டு நாட்காட்டியை எடுத்துப் பிரித்தார். பிப்ரவரி ஆறு புதன்கிழமை. ஜூன் இரண்டு ஞாயிறு. அன்றைக்கு எங்கள் கூடம் பூட்டிக்கிடக்கும். பக்கத்தில் நான் எழுதியிருந்தது புதன்.

வெளி ஆய்வாளர் கவனமாகக் கேட்டார். பிறகு, வருத்தத்தோடுதான், தம் ஆட்சேபத்தைச் சொன்னார். இந்த எழுத்துகள் புதன் என்று சொல்வது நான்தான். தவறு செய்தவளும் நான்தான். இந்த ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர், தேதிகளைப் பார்க்காமல் இவற்றைப் படிக்கவேண்டும். அவர் சொன்னது நியாயம். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே கேட்டிருப்பேன். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர், ஆனால் ஆங்கிலமும் அமெரிக்கத் தேதி வழக்கமும் தெரியாத ஒருவர், என் வீட்டில் இருக்கிறார் என்றேன்.

மறுநாள் காலை ஆய்வாளரும் குழுத்தலைவரும் ஃப்ரீமாண்டுக்கு வந்தார்கள். கணவர் அலுவலகத்தில், மகள் பள்ளியில். அத்தை முதலில் காபி கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை எந்தத் தாளையும் தொட மறுத்தார். ஆய்வாளர் கிழமைகளை மட்டும் நகலெடுத்து, வெட்டி, வரிசையைக் கலைத்து, இருபத்திரண்டு சீட்டுகளாகக் கொண்டுவந்திருந்தார். நான் ஏதும் சைகை காட்டிவிடக் கூடாது என்று சமையலறையில் அடுப்பைப் பார்த்து நின்றேன். நான் மொழிபெயர்க்கவும் கூடாது; ஞாயிறு ஒன்று, சனி ஏழு என்று அத்தை விரல்களால் காட்டவேண்டும், அவர் எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும். அத்தையின் குரல் மட்டும் எனக்குக் கேட்டது. புதன். திங்கள். மறுபடி புதன். வெள்ளி. வாரப் பத்திரிகைகளை வரி விடாமல் படிக்கிற குரல்.

பதினைந்தோ பதினாறோ ஆனபோது குரல் நின்றது. நாற்காலி அசையும் சத்தம். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“அம்மிணி, இந்தச் சீட்டுல மை பரவிக் கெடக்குது. புதனா திங்களான்னு தெரியல. தெரியாததைத் தெரியும்னு சொல்லமாட்டேன்னு இவருகிட்டச் சொல்லு.”

இதை மட்டும் மொழிபெயர்க்கலாம் என்று குழுத்தலைவர் குரல்கொடுத்தார். நான் திரும்பாமலே ஆங்கிலத்தில் சொன்னேன். ஆய்வாளர் அந்தச் சீட்டைத் தனியே எடுத்துவைத்து, பூஜ்யம் என்று எழுதினார். அந்த ஒரு செல்லைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடலாம் என்றார். மீதியைத் தாம் நம்பியது அந்தப் பூஜ்யத்தால்தான் என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

இருபத்தொரு சீட்டுகளும் ஜனவரி, பிப்ரவரி நாட்களோடு பொருந்தின. திருத்திய அட்டவணையில் பழுதான செல் ஒன்றுகூட இல்லை. ஆறு மணி நேரம் என்பது ஆறு மணி நேரமாகவே நின்றது. அன்று மாலை அத்தை தாமாகவே ஈரோட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். இளைய மகனிடம், “டார்ச்சுக்கு இல்லீடா, நானே படிச்சுக் குடுத்திருக்கேன்” என்று தொடங்கி அரைமணி நேரம் பேசினார்.

ஜூலையில் ஆய்வுக்கலம் தாய்க்கலத்தை விட்டுப் பிரிந்தது. பிறகு ஐந்து மாத மௌனம். அதன் கடிகாரம் ஓடுகிறதா என்று கேட்க வழியில்லை. காலையில் 880ஆம் எண் சாலையில் கார் ஓட்டும்போது, இந்த நேரம் அது எங்கே இருக்கும் என்று மனம் தானாகக் கணக்குப் போடும்.

அது வியாழனில் விழுந்த நாள் டிசம்பரின் முதல் வியாழக்கிழமை. யாரும் நாள் பார்த்து வைத்ததல்ல. பாதைக் கணக்கு அப்படி அமைந்தது. அத்தைக்கு அதில் வியப்பே இல்லை. ஊழியர்களின் குடும்பத்தாருக்கும் அன்று அரங்கத்தில் இடம் தந்திருந்தார்கள். மஞ்சள் புடவைக்கு மேல் என் கணவரின் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு, எனக்கும் குழுத்தலைவருக்கும் நடுவே அத்தை உட்கார்ந்திருந்தார். மதியம் இரண்டு மணியளவில் அது விழுந்திருக்க வேண்டும். செய்தி வியாழனிலிருந்து நம்மை வந்தடைய ஏறக்குறைய ஒரு மணி நேரம். நடந்து முடிந்துவிட்டது, ஆனால் நமக்குத் தெரியாது. அந்த ஒரு மணி நேரத்தைப் போல நீண்ட ஒன்றை நான் அதற்கு முன்னும் பின்னும் அறிந்ததில்லை.

மூன்று மணிக்குச் சற்று மேல் ஒலிபெருக்கியில் ஒரு குரல் நிதானமாகச் சொன்னது: தாய்க்கலத்துக்கு ஆய்வுக்கலத்தின் சமிக்ஞை கிடைத்துவிட்டது. அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. எனக்கு முன் வரிசையில், ஜூன் மாதம் தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதர், பக்கத்தில் இருந்தவரைக் கட்டிக்கொண்டார். குழுத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். அத்தை மட்டும் உட்கார்ந்தபடி என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

“முழிச்சுக்கிச்சா?”

“முழிச்சுக்கிச்சுங்க அத்தை.”

அவர் கையிலிருந்த பையைத் திறந்து டப்பாவை எடுத்தார். எங்கள் வரிசை முழுவதும், பிறகு பின்வரிசை, பிறகு அரங்கத்தின் மறுகோடியில் நின்ற வெளி ஆய்வாளர்வரை நடந்துபோய், ஆளுக்கு ஒரு கைப்பிடி சுண்டல் கொடுத்தார். கோட்டும் டையும் அணிந்தவர்கள் உள்ளங்கையை நீட்டி வாங்கிக்கொண்டார்கள்.

அளவீடுகள் உடனே வரவில்லை. தாய்க்கலத்தின் பெரிய ஆன்டெனா பல ஆண்டுக்கு முன்பே விரியாமல் சிக்கிக்கொண்டதால், எல்லாம் சிறிய ஆன்டெனா வழியே சொட்டுச் சொட்டாகத்தான் வந்து சேர்ந்தன. பேட்டரியைப் பற்றிய அளவீட்டு வரிகள் எங்கள் மேசைக்கு வந்தபோது அடுத்த ஆண்டு பிறந்துவிட்டது. கலம் குறித்த நேரத்தில் எழுந்திருந்தது. கதிர்வீச்சை முழுவதும் அளந்திருந்தது. மேகங்களுக்குள் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே குறைவாகப் பேசிக்கொண்டே இறங்கி, பிறகு வெப்பம் தாளாமல் ஓய்ந்திருந்தது. அதன் குரலை நிறுத்தியது வியாழனின் வெப்பம்தான். கடைசி வரி வரைக்கும் பேட்டரி நின்றது. அந்தத் தாளை நான் பலமுறை படித்தேன். குழுத்தலைவர் அதில் கையெழுத்திட்டு என்னிடம் நீட்டினார். நானும் கையெழுத்திட்டேன், மாதத்தைச் சொல்லாகவே எழுதினேன்.

பிப்ரவரியில் அத்தை ஊருக்குத் திரும்பினார். தாய்க்கலம் அதன் பிறகும் பல ஆண்டுகள் வியாழனைச் சுற்றிக்கொண்டிருந்தது. 2001இல், அது இன்னும் சுற்றிக்கொண்டிருந்தபோதே, அத்தை ஈரோட்டில் காலமானார். குழுத்தலைவர் அதற்கு முந்திய ஆண்டு இறந்துபோனார். வெளி ஆய்வாளர் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். பிறகு அதுவும் நின்றது. இப்போது வியாழனின் பனிமூடிய நிலவொன்றை நோக்கி இன்னொரு கலம் போய்க்கொண்டிருக்கிறது. அதன் பேட்டரியை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அன்று அந்த ஆய்வுக்கூடத்தில் குறிப்பேடு எழுதியவர்களில் இன்று உயிரோடு இருப்பவள் நான் ஒருத்திதான்.