சாக்பீஸ் கோட்டில் நானும் நடந்தேன்

ஐம்பதுகளில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நான் சின்ன டாக்டராகச் சேர்ந்தபோது மாகாணம் முழுக்க மதுவிலக்கு. குடித்தவனைப் பிடிப்பது போலீஸ் வேலை. குடித்திருக்கிறான் என்று சான்று எழுதுவது எங்கள் வேலை. சட்ட மருத்துவப் பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு முறை இருந்தது. கண் சிவந்திருக்கிறதா, நாக்குக் குழறுகிறதா, நேர்கோட்டில் நடக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தம் எடுத்து, அரக்கு முத்திரை வைத்து, மதராஸ் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பலாம் என்றும் போட்டிருந்தது. அனுப்பினால், ஆசாமி தண்டனை முடிந்து வீட்டுக்குப் போன பிறகு முடிவு வரும். ஆகவே நாங்கள் சாக்பீஸை நம்பினோம். வராந்தாவில் ஒரு கோடு எப்போதும் போட்டபடியே கிடக்கும்.

பெரிய டாக்டர் இந்தப் பரிசோதனையில் கைதேர்ந்தவர். நாற்காலியை விட்டு எழமாட்டார். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். "நடக்கச் சொல்லு" என்பார். "தள்ளாடறான் சார்" என்பார் கான்ஸ்டபிள். "கண்?" "செவப்பு சார்." சர்டிபிகேட் தயார். பிடித்து வந்தவரே பரிசோதனையும் செய்துவிடுவதால் எங்களுக்குக் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

ஒரு சனிக்கிழமை மாமல்லபுரம் குப்பத்திலிருந்து ஒரு மீனவரைக் கொண்டுவந்தார்கள். என் வயதுதான் இருக்கும். கரையேறிய கையோடு பிடித்து, பஸ்ஸில் நிற்கவைத்தே கூட்டி வந்திருந்தார்கள். கோட்டில் நடந்தார், தள்ளாடினார். கண் மிளகாய்ப் பழமாக இருந்தது.

"நான் குடிக்கல சாமி. ரா முச்சூடும் கடல்ல கெடந்தேன், வயித்துல ஒண்ணியும் இல்ல. எறங்குனா காலு இப்டித்தான் ஆடும். என் பொஞ்சாதி புள்ள பெத்துக்க இந்த ஆஸ்பத்திரிலதான் கீது. என்னை உள்ள போட்டா அத்த யாரு பாப்பாங்க?"

"எல்லாப் பயலும் இதைத்தான் சொல்றான்" என்றார் பெரிய டாக்டர். உண்மையில் யாரும் இப்படிச் சொன்னதில்லை. பல்வலிக்கு வாய் கொப்பளித்தேன் என்பதுதான் வழக்கமான பதில்.

நான் குனிந்து முகர்ந்தேன். எனக்கு மீன் வாடைதான் வந்தது. கான்ஸ்டபிளுக்குச் சாராய வாடை வந்ததாம். அவருடையது சர்க்கார் மூக்கு. எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, சர்டிபிகேட்டை நிறுத்தி வையுங்கள் என்று கெஞ்சினேன். "திங்கட்கிழமை கோர்ட். அதுவரைக்கும்தான்" என்றார் பெரிய டாக்டர். மீனவரை சப் ஜெயிலுக்கு அழைத்துப் போனார்கள். அவர் பிரசவ வார்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

யோசித்தேன். அதே கடல், அதே பட்டினி, அதே பஸ். சாராயம் மட்டும் இல்லாமல் ஓர் ஆள் நடந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அந்த ஆளுக்கு எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை ராத்திரியே வெறும் வயிற்றோடு நானே குப்பத்துக்குப் போனேன். அதுவரை கடலைக் கரையில் நின்று சுண்டல் தின்றுகொண்டு பார்த்ததோடு சரி.

மீனவரின் மச்சான் என்னைக் கட்டுமரத்தில் ஏற்றிக்கொண்டார். "ஒனக்கு இன்னாத்துக்கு டாக்டரே இந்த பேஜாரு?" என்றார். கரை மறைவதற்கு முன்பே எனக்கு வாந்தி தொடங்கிவிட்டது. வயிற்றில் எதுவும் இல்லாதபோதும் வாந்தி எடுக்க முடியும் என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். திரும்பி வரும்போது ஓர் அலை என் மூக்குக்கண்ணாடியை வாங்கிக்கொண்டது. கரையில் இறங்கியதும் மணலில் ஒரு கோடு போடச் சொல்லி அதன்மேல் நடந்தேன். நண்டு தேவலை.

தலை நிமிர்ந்தால் எதிரே கான்ஸ்டபிள் ஒருவர். புதியவர்.

"இன்னாடா, பட்டப்பகல்லயே ஏத்திகினியா?"

"நான் டாக்டர்."

"நான் கலெக்டரு. நட."

எனக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரம் வந்தால் எனக்கு இங்கிலீஷ் வரும். "இங்கிலீஷ் பேச ஆரம்பிச்சிட்டியா? அப்ப நல்லாவே முத்திப் போச்சு" என்று சட்டைக் காலரைப் பிடித்தார். சாட்சி சொல்ல வந்த மச்சானிடம், "நீயும் வர்றியா?" என்று கேட்டதும் அவர் பின்வாங்கினார்.

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுவரை பஸ்ஸில் நின்றபடியே வந்தேன். ஏறியவர்களெல்லாம் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. எனக்காவது ஆஸ்பத்திரியில் அடையாளம் சொல்ல ஆள் இருக்கிறது, நேற்று இதே கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தவருக்கு யார் இருந்தார்கள் என்று நினைத்ததும் வெட்கம் போய்க் கோபம்தான் மிஞ்சியது.

நான் லீவு போட்டதால் பெரிய டாக்டரே டூட்டி பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பேப்பர் மறைத்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

"நடக்கச் சொல்லு."

நடந்தேன்.

"தள்ளாடறான் சார். கண்ணு செவப்பு. இங்கிலீஷ் வேற பேசறான்."

பேப்பரை இறக்காமலே சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார். "சார், பேரையும் எழுதிடுங்க" என்று என் பெயரைச் சொன்னேன்.

பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கியது.

"என்னய்யா இது, குடிச்சிருக்கியா?"

"அப்படித்தான் நீங்க எழுதியிருக்கீங்க சார்."

கான்ஸ்டபிள் அட்டென்ஷனில் நின்றுவிட்டார். பெரிய டாக்டர் சர்டிபிகேட்டைக் கிழிக்கப் போனார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கிழிங்க சார். ஆனா அந்த மீனவருக்கும் இதே கண், இதே கால். நான் குடிக்கலைன்னா அவரும் குடிக்கலை. இல்லை, அவர் குடிச்சவர்தான்னா நானும் அவரோட உள்ளே போறேன். திரும்பி வர்றவரைக்கும் என் டூட்டியை நீங்க பாத்துக்குங்க."

விஞ்ஞானத்துக்கு அசையாத மனிதர் டூட்டி என்றதும் அசைந்துவிட்டார். என்னுடையதைக் கிழித்துப் போட்டார். மீனவர் குடித்திருந்தார் என்று சொல்ல முடியாது என முணுமுணுத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை கோர்ட்டில் அவரை விட்டுவிட்டார்கள். நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். மச்சான் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். வராந்தாவில் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு, தாங்க முடியாமல் கேட்டே விட்டார்.

"இத்தத்தான டாக்டரே நான் அன்னிக்கே சொன்னேன்? நீங்கோ வாந்தி எடுத்தாத்தான் அது நெசமாவுமா?"

"பொண்ணு பொறந்திருக்கு" என்று மட்டும் சொல்லி, பிரசவ வார்டு இருந்த பக்கம் கையைக் காட்டினேன். சாக்பீஸ் கோட்டை மிதித்துக்கொண்டு ஓடினார்.