என்வலப் சேர்த்த பதிப்பாளர்

புத்தக வெளியீட்டில் விற்பனை மேசைக்குப் பின்னால் நிற்பவனை ஒருவரும் பார்ப்பதில்லை. அவனுக்கு எல்லாரும் தெரிவார்கள். கொட்டாஞ்சேனை அச்சகம் ஒன்றிலிருந்து கட்டுகளோடு மண்டபங்களுக்குப் போவது என் வேலை. எழுதிக் கைசுட்டவர்களே, இது உங்களுக்கும் பழக்கமாக இருக்கும்.

சிறப்புப் பிரதி

அன்று வெள்ளவத்தை மண்டபத்தில் இருந்தவர்கள்: கதைகள் எழுதிய பிலோமினா டீச்சர், அவருடைய தம்பி, பதிப்பாளர், பிரதம விருந்தினர், சனம் நாற்பத்திரண்டு பேர், நான்.

சிறப்புப் பிரதி வாங்கப் பெயர் கூப்பிட, ஒவ்வொருவராய் வந்து காசு வைத்த என்வலப் கொடுத்தார்கள். வழக்கமாக அது எழுதியவரின் வீட்டாரிடம் போகும். அன்று டீச்சரின் தம்பி பக்கத்தில் நிற்க, எல்லாம் பதிப்பாளரின் தோல்பைக்குள் போனது. அச்சுக்கூலியை டீச்சர் முன்னமே கட்டிவிட்டார் என்பது எனக்குத் தெரியும். கூச்சத்தை விட்டு, “பை ஏன் உங்களிட்டை?” என்று பதிப்பாளரிடம் கேட்டேன்.

“எழுதுற கை சல்லியைத் தொடக்கூடாது, ஐயா.”

சுகம் விசாரித்தல்

என்வலப் எங்கே என்று டீச்சர் பிறகு கேட்டபோது, மண்டபத்துக்கும் தேத்தண்ணிக்கும் சரியாய்ப் போய்விட்டது என்றாராம் பதிப்பாளர். அடுத்த புத்தகத்தில் ஈடுகட்டலாம் என்று, அதற்காக டீச்சர் கையால் எழுதி வைத்திருந்த ஒரே பிரதியையும் கேட்டிருக்கிறார். கொடுக்கலாமா என்று விசாரிக்க டீச்சர் அந்தப் பிரதியோடு அச்சகத்துக்கு வந்தார்.

இந்த மனிதர் எப்படிப் பழக்கமானார் என்று அறிய எனக்கு ஆவல். முதல் சந்திப்பில் என்ன கேட்டார் என்றேன்.

“கனடாவில எத்தினை பேர், லண்டனில எத்தினை பேர் எண்டுதான் கேட்டவர், அண்ணே. கதையைப் பற்றி ஒண்டும் இல்லை. என்ர ஆக்களைச் சுகம் விசாரிக்கிறார் எண்டு நான் சந்தோஷப்பட்டன்.”

ஒரு கேள்வி

நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே பதிப்பாளர் வந்துவிட்டார். “தாங்கோ அக்கா, இந்த மாசமே அடிப்பம்” என்று கையை நீட்டினார். டீச்சர் பிரதியை மடியில் அழுத்திக்கொண்டு, “போன புத்தகத்தில முதல் கதை எப்பிடி, தம்பி?” என்றார்.

அவர் கண்ணை மூடினார். “அந்தத் தாய் சாகிற இடம்... நினைச்சாலே நெஞ்சு அடைக்குது, அக்கா.”

டீச்சர் எழும்பி, பிரதியைக் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினார்.

“அதில ஒருத்தரும் சாகேல்லை, தம்பி. அது பேலியகொடைக்கு மீன் வாங்கப் போன கதை.”

உறவினரை எண்ணிவிட்டுப் பக்கத்தை எண்ணாதவரிடம் எழுத்தைக் கொடுக்காதீர்கள் என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது. டீச்சர் இப்போது தன் புத்தகத்தைத் தானே விற்கிறார், மிச்சம் பதினேழு பிரதிதான்.